றபீக்கை எந்த வீட்டுக்கு அனுப்புவது

விறாந்தையில் இரண்டு பெண்கள் ஒரே பையின் இரண்டு கைப்பிடிகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நீல நிறப் பயணப் பை. கட்டாரிலிருந்து வந்தபோது ஒட்டிய விமானப் பொதிச் சீட்டு இன்னும் பாதி கிழிந்து அதில் தொங்கியது. ஒருவர் றபீக்கைப் பெற்ற தாய். மற்றவர் றபீக்கின் மாமியார், சுலைகா உம்மா. இருவரும் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பையின் சொந்தக்காரர் பக்கத்து வாங்கில் குனிந்திருந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதைப்பொருளிலிருந்து மீள்வதற்காக எங்கள் ஆஸ்பத்திரியின் மனநல விடுதியில் தங்கியிருந்து, உடம்பு தேறி, அன்று வீட்டுக்குப் போகவேண்டியவர் அவர். மாரி மழை ஓய்ந்து, வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்த ஒரு காலை. தரை கழுவிய மருந்து நெடியோடு யாரோ கொண்டு வந்த இடியப்பப் பார்சலின் சொதி வாசமும் கலந்திருந்தது.

“என்னத்துக்கு மதினி எண்ட மருமகன்ட பையத் தூக்குறீங்க?” என்றார் சுலைகா உம்மா.

“எண்ட மகன நான் கூட்டிப் போறன். ஆஸ்பத்திரியில இரிந்து கோல் வந்திச்சு.”

“கூட்டிப் போறதெண்டா? ஆரு இஞ்ச தலாக் செல்லின?”

அந்தச் சொல் விழுந்ததும், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த தாதி அப்படியே நின்றார். வாங்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று கைபேசிக்குள் ஏதோ தேடத் தொடங்கினார்கள்.

எனக்குப் பின்னால் நின்ற, எங்களோடு வேலை செய்யும் தியாகு மெதுவாகக் கேட்டார்: “டொக்டர், நான் என்னங்க தப்பு பண்ணிட்டேன்?”

மேலே போகுமுன் ஒன்று. இந்த அத்தியாயத்தில் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று இதில் வருகிறவர்களிடம் கேட்டபோது எல்லோரும் சம்மதித்தார்கள். சுலைகா உம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். “எழுதுங்க மகள். ஆனா என்னக் கொஞ்சம் மெலிவாக் காட்டுங்க.”

சுலைகா உம்மா மெலிந்த பெண்மணி.

அப்பா வட்டைக்குப் போகும் நாட்கள்

தியாகு செய்த தவறு என்னவென்று சொல்வதற்கு, செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் வாகரைக் கிளினிக்கைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, “அடுத்ததா வீட்டுக் கதையும் வருமா?” என்று அம்மா கேட்டார். வருகிறது, அம்மா.

எங்கள் வீடு அம்மாவின் வீடு. கலியாணத்தின்போது அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அப்பா வேறு ஊரிலிருந்து கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவர். முப்பது வருடங்களுக்கு மேலாகியும், கூரையில் ஓடு மாற்றுவதென்றால்கூட அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏணியை எடுப்பார்.

அம்மாவோடு கோபம் வந்தால் அவர் போய்ச் சாத்திக்கொள்ள அங்கே அவருக்கென்று ஓர் அறை கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு, வாவிக்கு அக்கரையில் எங்கள் வயல் கிடக்கும் வட்டைக்குப் போய்விடுவார். பசித்ததும் திரும்பி வருவார். “அப்பா எங்க?” என்று அயலவர் யாரும் கேட்டால், “வட்டைக்க போயிட்டார்” என்று நாங்கள் சொல்லும் தொனியிலேயே அவர்களுக்கு விடயம் விளங்கிவிடும். சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் எவ்வளவு கோபத்திலும் அப்பா தன் தாய் வீட்டுக்குப் போனதில்லை. போயிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது ஒன்றுதான். வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறார். அவர் பிறந்த வீடு சகோதரிக்குப் போய்விடும். அங்கே இப்போது சகோதரியின் கணவர் இருப்பார். பெருநாளைக்குப் போகலாம், தாய்க்குச் சுகமில்லை என்றால் போகலாம். ஆனால் உடுப்புப் பையோடு தாய் வீட்டு வாசலில் இறங்கினால், அந்த மனிதரின் கலியாணம் முறிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த தொழுகைக்குப் பள்ளி நிறையும்போது ஊருக்கே தெரிந்திருக்கும்.

தியாகு ஹற்றன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் பிரிவுக்குச் சமூக சேவை உத்தியோகத்தராக வந்து அதிக காலம் ஆகவில்லை. அவருடைய ஊரில் கலியாணம் முடித்த மகன் தாய் தகப்பனோடுதான் இருப்பான். மருமகள்தான் பையோடு வருவாள். ஆகவே றபீக்கின் மாமியார் வீட்டில் சிக்கல் என்று கேள்விப்பட்டதும் நல்ல மனதோடு பெற்றோருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். “எங்க பக்கம் அம்மா அப்பா வந்து நின்னா பாதி நோய் போயிருங்க,” என்று பிறகு என்னிடம் விளக்கினார்.

நோய் போகும், தியாகு. கூடவே பெண்டாட்டியும் போய்விடுவாள். இதை நான் சொல்லவில்லை. அந்த மருந்து வண்டித் தாதி சொன்னார்.

கொட்டாவியில் தொடங்குவது

நான் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டராக வேண்டுமென்று அம்மாவுக்கு ஆசை. மனநலம் என்றதும் முகம் வாடிவிட்டது. அதிலும் போதைப்பொருள் என்றதும், கோயிலில் கேட்பவர்களுக்கு “அவ நரம்பு டொக்டர்” என்று சொல்ல ஆரம்பித்தார். இன்றுவரை எங்கள் தெருவில் நான் நரம்பு டொக்டர்தான். கை விறைப்பு, கால் விறைப்பு என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதே எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கொழும்பில் பயிற்சியில் இருந்தபோதுதான் ஹெரோயினை விட்ட ஒருவரை முதன்முதலில் கிட்ட நின்று பார்த்தேன். சனங்கள் ‘குடு’ என்று சொல்வது அதைத்தான். ஏதோ பயங்கரமான ஒன்றைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துப் போனேன். அவர் கொட்டாவி விட்டார். திரும்பத் திரும்பக் கொட்டாவி. பிறகு மூக்கால் நீர் ஓடியது. கண் கலங்கியது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது. பிறகு வயிறு, பிறகு கால்களை எங்கே வைப்பதென்று தெரியாத ஒரு நோவு. கடும் தடிமன் பிடித்த ஒரு மனிதரைப்போல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். தண்ணீர் கொடுத்தபோது “தேங்ஸ் மிஸ்” என்றார்.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு விளங்கும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். இந்த நோயின் முதல் பகுதி அப்படி வரிசைக்குள் அடங்குவதாக இருந்தது: எது முதலில் வரும், எது பின்னால் வரும், எதற்கு எந்த மருந்து, எப்போது தணியும். அது எனக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டாவது பகுதிதான் அடங்காதது. உடம்பு தேறி, பையைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறவர் பிறகு என்ன ஆகிறார்?

என் ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. இன்னும் முடியவில்லை; ஆகவே முடிவுகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாடு முழுவதற்கும் பொதுவாகத் தயாரித்த வினாக்கொத்தில், ‘நீங்கள் இருப்பது சொந்த வீடா, வாடகை வீடா, பெற்றோரின் வீடா?’ என்றொரு கேள்வி இருந்தது. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாக் கேள்விகளுக்கும் சளைக்காமல் பதில் சொல்லிவிட்டு அந்த இடத்தில் வந்து தலையைச் சொறிந்தார்கள்.

வாகரையில் ஒரு மீன்பிடிகாரர்தான் அதை எனக்கு அவிழ்த்து வைத்தார். “மூண்டும் இல்ல மிஸ். பொஞ்சாதிர வீடு. அவ நல்லா இருந்தா சொந்த வீடு. கோவமா இருந்தா வாடக வீடு.”

கேள்வியை மாற்றினேன். ‘நீங்கள் யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள்?’ அதற்குப் பிறகு பதில்கள் நீண்டன. சிலர் அந்த ஒரு கேள்விக்கே அழுதார்கள்.

மாமி சொன்ன தவணை

றபீக் தரைக்கு மாபிள் பதிக்கும் மேசன்; எங்கள் பக்கத்தில் ‘பாஸ்’ என்பார்கள். கட்டாரில் அந்த வேலையைப் பழகிக்கொண்டு வந்து, ஏறாவூரிலும் சுற்றுப்புறத்திலும் நல்ல பெயர் எடுத்தவர். நாள் முழுக்கக் குந்தியிருந்து செய்யும் வேலை. முதுகு நோவுக்கு என்று சொல்லி, உடன் வேலை செய்த ஒருவர் குடுத் தூளைக் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் முதலில் ஏதோ ஒன்றுக்காகத்தான். சில மாதங்களில் முதுகு மறந்துவிடும், தூள் மறக்காது.

அவருடைய மனைவி பர்ஸானா, சுலைகா உம்மாவின் மூத்த மகள். சுலைகா உம்மாவின் கணவர் மௌத்தாகி வெகு காலம். ஆண் பிள்ளை இல்லை. ஒரே வளவுக்குள் பர்ஸானாவுக்குக் கொடுத்த வீடு ஒன்று. இளைய மகளுக்காகப் பாதி எழும்பிய வீடு ஒன்று. அந்த இரண்டாவது வீட்டின் தரைக்கு வாங்கி அடுக்கிய மாபிள் பெட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததில்தான் குட்டு வெளிப்பட்டது. அதைப் பதிக்க வேண்டியவரே அதை விற்றிருக்கிறார்.

அதே நேரத்தில் இளையவளுக்கு ஓட்டமாவடியிலிருந்து ஒரு நல்ல இடம் பேசி வந்தது.

சுலைகா உம்மாதான் அவரை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்தார். ஊரில் முதுகு வருத்தம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். முதல் நாட்கள் கடுமையாக இருந்தன. பர்ஸானா தினமும் வந்தார். கஞ்சி கொண்டு வருவார், றபீக் திருப்பிவிடுவார், மறுநாள் மறுபடி கொண்டு வருவார். ஒரு நாள் அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு உப்புக் குறைவு என்றார். பர்ஸானா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். குறை சொல்லத் தொடங்கினால் நோயாளி தேறுகிறார் என்று எங்கள் விடுதியில் ஒரு கணக்கு உண்டு.

வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது சுலைகா உம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“கலியாணம் முடியும் மட்டும் இஞ்சயே வெச்சிரிங்க, மகள். மறுகா நானே வந்து கூட்டிப் போறன்.”

இது ஆஸ்பத்திரி, அப்படி வைத்திருக்க முடியாது, இந்தக் கட்டிலுக்கு வேறொருவர் காத்திருக்கிறார் என்றேன்.

“அப்ப ஊட்டுக்க எடுக்க ஏலா. மாப்புள்ள ஊட்டார் வந்து போற நேரம். குடுக்காரன் இரிக்கிற வளவுக்க ஆரு பொடியனக் குடுப்பான்?”

அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு மகளின் கணவரைக் காப்பாற்றப் போய் மற்ற மகளின் வாழ்க்கையைத் தொலைக்க எந்தத் தாய் துணிவார்? ஆனால் என் பக்கத்திலும் ஒரு பயம் இருந்தது. வீடு சாத்தினால் றபீக் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பழைய கூட்டாளிகளிடம்தான். சில கிழமை விட்டுவிட்டுத் தேறிய உடம்பு, பழைய அளவைத் தாங்காது. பலர் சாவது அப்படித்தான்.

அடுத்த நாள் எனக்கு வாகரையில் கிளினிக். ஒரு வழி பாருங்கள் என்று தியாகுவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் பார்த்த வழிதான் விறாந்தையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பை கை மாறியது

எல்லோரையும் என் அறைக்குள் கூட்டி வந்தேன். பையும் இரண்டு கைகளோடு உள்ளே வந்தது. தியாகு பிளேன்டீ சொல்லி அனுப்பிவிட்டு, யன்னலோரம் தன்னை யாரும் காணாதபடி நின்றுகொண்டார்.

றபீக்கின் தாய் முதலில் பேசினார். தன் வீட்டில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். அது இப்போது மகளின் வீடு. அந்த மருமகனுக்கு இது பிடிக்காது. ஆனாலும் குசினிக்குள் ஒரு பாயைப் போட்டாவது மகனை வைத்திருப்பேன், தெருவில் விடமாட்டேன் என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். சுலைகா உம்மா தன் தேத்தண்ணியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். பையை மட்டும் விடவில்லை.

சுலைகா உம்மாவுக்கு நிலைமை தெளிவாக விளங்கியிருந்தது. வளவுக்குள் குடுக்காரர் இருந்தால் ஊர் கதைக்கும். மூத்த மருமகன் பையோடு தாய் வீட்டுக்குப் போனாலோ, அந்த வீட்டுப் பெண்ணோடு வாழ ஏலாது என்று ஊர் கதைக்கும். இளையவளுக்கு இரண்டாவது இன்னும் கேடு. காலையில் யாரோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அவர் ஓடி வந்தது அதனால்தான்.

“இவன் இனித் தொடமாட்டான் எண்டு நீங்க உறுதி தருவீங்களா, மகள்?” என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். திரும்ப ஒருமுறை வழுக்கலாம், பலருக்கு அப்படி நடக்கும், கலியாண நாளிலேயே நடந்தாலும் ஆச்சரியமில்லை என்றேன். அப்படி நடந்தால் அன்றே எங்களிடம் வரவேண்டும், ஒளிக்கக்கூடாது என்பதை மட்டும் சொல்ல முடியும் என்றேன்.

அப்போது தாயோடு வந்து, வாசல் பக்கம் தன் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பர்ஸானா வாய் திறந்தார். அதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

“உம்மா, ஊடு எண்ட பேருல. பையத் தாங்க.”

சுலைகா உம்மா திரும்பிப் பார்த்தார். “ஊடு உண்ட பேருல. வளவு எண்ட பேருல.”

“அப்ப வளவுக்குள்ளால நடந்து போறதுக்கு எங்களுக்கிட்ட வாடக எடுங்க.”

முதலில் சிரித்தவர் றபீக்கின் தாய். அழுது கொண்டிருந்தவர் சிரித்ததில் தேத்தண்ணி புரையேறிவிட்டது. சுலைகா உம்மா அவருடைய முதுகைத் தட்டுவதற்காகப் பையை விட்டார். பர்ஸானா பிள்ளையைத் தூக்கித் தன் தாயின் மடியில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவரைப் பார்த்தார்.

“எழும்புங்க. சோறு ஆறுது.”

றபீக் செருப்பிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். மூன்று பெண்களும் அவரும் பிள்ளையும் ஒரே ஓட்டோவில் எப்படி அடைந்து போனார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தலைவலியோடு வந்தவர்

அதன்பின் கிழமைதோறும் ஏறாவூர்க் கிளினிக்கில் றபீக்கைப் பார்த்தேன். மருந்துகள் பர்ஸானாவின் அலுமாரியில் இருந்தன. வேலைக்குச் சுலைகா உம்மாவின் தம்பியோடு மட்டும் போய் வந்தார். மற்ற நேரத்தில் இளையவளின் வீட்டுத் தரையில் குந்தியிருந்து, தான் விற்ற பெட்டிகளுக்குப் பதிலாகத் தன் உழைப்பில் வாங்கிய மாபிளைப் பதித்துக்கொண்டிருந்தார்.

இடையில் ஒருமுறை வழுக்கினார். பர்ஸானாதான் தொலைபேசி எடுத்தார். ஒளிக்கவில்லை. அன்றே வந்தார்கள். சுலைகா உம்மாவும் கூடவே வந்து, மருமகனை ஒரு வார்த்தை ஏசாமல் என்னை ஏசினார்: “உங்கட மருந்து சரியில்ல போல.” ஓம் உம்மா, கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம் என்றேன். சுலைகா உம்மா றபீக்கைத் திருப்பி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போவார் என்று பயந்திருந்தேன். போகும்போது, “எறங்கு மகன், ஓட்டோ நிக்கி,” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பிறகொரு நாள் அதே கிளினிக்கில் ஒரு பெண்மணி தலைவலி என்று வந்தார். அழகான அபாயா, நல்ல அத்தர் மணம். தலைவலி எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசித்தார். பிறகு இரண்டு பக்கமும் என்றார். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கதிரையை விட்டு எழும்பாமல், ஓட்டமாவடியில் இருக்கும் தன் மகனுக்கு ஏறாவூரில் பெண் பேசியிருப்பதாகவும், அந்த வீட்டு மூத்த மருமகன் இங்கே மருந்து எடுப்பதாகக் கேள்விப்பட்டதாகவும் சொன்னார்.

கலியாணத்துக்கு விசாரிக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியை விட்டுவைப்பதில்லை. யாரைப் பற்றியும் நான் எதுவும் சொல்வதில்லை என்றேன்.

“சரி. அப்ப மருந்து எடுக்கார்.”

“உம்மா, உங்களைப் பற்றி யாரும் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.”

அவர் என்னை ஒரு நிமிடம் அளந்து பார்த்தார். “அது நல்லது,” என்றுவிட்டுப் போனார்.

சுலைகா உம்மாவிடம் எச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவும் என்னால் முடியாது. அதுவும் இன்னொரு நோயாளியின் விடயம், தலைவலி பொய்யென்றாலும்.

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அடுத்தமுறை வந்தபோது, தேத்தண்ணி கொடுத்து முடித்த கையோடு, சுலைகா உம்மா தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குடு எடுத்தது, மாபிள் பெட்டி, ஆஸ்பத்திரி, இடையில் வழுக்கியது, இப்போது மருந்து எடுப்பது. பின்னால் தெரிய வருவதைவிட முன்னால் தெரிந்து வேண்டாம் என்று போகட்டும் என்றாராம். இதைப் பர்ஸானா எனக்குச் சொன்னபோது அவருடைய கை பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். நாட்கள் போயின. பிறகு தலைவலிக்கார அம்மாவிடமிருந்து சொல் வந்தது. அவருக்குச் சம்மதம். ஆனால் ஒன்று. அந்த வீட்டில் ஆண் பிள்ளை இல்லாதபடியால், வரும் மாப்பிள்ளையை, தெருவிலிருந்து வளவுக்குள் நுழையும் கடப்படியில் நின்று கைபிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டியவர் மூத்த மருமகன்தான். அவர்தான் நிற்க வேண்டும். வேறு மாமாவையோ சித்தப்பாவையோ நிறுத்தக்கூடாது. அவர் நிதானமாக நின்றால் மாப்பிள்ளை உள்ளே வருவார்.

நிற்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நன்றி, ஓர் ஒழுங்கில்

இப்போது எங்கள் விடுதியில் ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன் வீட்டுக்காரியைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். தாயை அல்ல, மாமியாரை அல்ல. வீடு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரை. அவருக்கு ஒரு கதிரை போட்டு, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கிறோம். இது எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. தியாகு ஹற்றன் நினைப்பில் எடுத்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. அதற்காக முதல் நன்றி தியாகுவுக்கு. அவர் இப்போது இங்கேயே பெண் பார்த்திருக்கிறார். பையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது நன்றி உப்பில்லாத கஞ்சிக்கு. மூன்றாவது, என்னைப் பார்த்து ‘மருந்து சரியில்லை’ என்றவருக்கு. எல்லோரையும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. கண்டல் பற்றைக்குள் போய்த் திரும்பாதவர்களின் முகங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. அவர்களுக்கு அந்தக் காலையில் பையைப் பிடிக்க ஒரு கைகூட வரவில்லை. இரண்டு கைகள் வந்து சண்டை பிடிப்பது எவ்வளவு பெரிய பேறு என்று இந்த வேலைதான் எனக்குக் காட்டியது.

கடப்படி

கலியாணத்துக்கு என்னைப் பர்ஸானாவின் சிநேகிதி என்று அழைத்திருந்தார்கள். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன். பெண்கள் பக்கம் முழுக்க மல்லிகையும் நெய்ச்சோற்று வாசமும். புது வீட்டின் தரை கால் வைக்கக் கூச்சமாக இருக்கும் அளவுக்குப் பளபளத்தது. மூலையில் இரண்டு மாபிளுக்கு இடையில் ஒரு கோடுகூடப் பிசகியிருக்கவில்லை, குனிந்து பார்த்தேன்.

அன்று காலையிலிருந்து றபீக்கை யாரும் காணவில்லை என்று ஒரு சிறுமி சொல்லிக்கொண்டு ஓடினாள். பந்தலுக்கு வாழை வாங்கப் போனார் என்று இன்னொருத்தி. பர்ஸானா மணப்பெண்ணின் தலையை மூடி ஊசி குத்திக்கொண்டிருந்தார். ஓர் ஊசி தரையில் விழுந்தது. நான் ஊசிகளை வாங்கி என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

தெரு முனையில் வாகனச் சத்தம் கேட்டது. பெண்கள் யன்னல்களுக்கு ஓடினார்கள். நானும் ஒரு யன்னலோரம் போய் நின்றேன். சுலைகா உம்மா சமையல் பக்கமிருந்து வந்தார். முகமெல்லாம் வியர்வை. என் பக்கத்தில் வந்து, வெளியே பார்க்காமல், சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“நிக்கானா?”

கடப்படியில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் தொப்பிகள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு கூட்டம் விலகியது. வெள்ளைச் சட்டையில் றபீக் நின்றார். வாகனத்தின் கதவு திறந்தது. அவர் இரண்டடி முன்னால் போய், வலது கையை நீட்டினார்.

“நிக்கார் உம்மா.”

“நேராவா?”

“நேரா. மாப்பிள்ளைட கையப் பிடிச்சிட்டார்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். பிறகு, “அப்ப நான் சோத்தப் பாக்கப் போறன்,” என்றார்.

ஆனால் போகவில்லை. பெண்கள் குரவையிடத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் எழும்பி, கடப்படியிலிருந்து வாசல்வரை வந்து ஓயும்வரைக்கும், ஊசிகள் இருந்த என் கையை இறுகப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றார்.